காதுகுத்து அன்று சொன்னது

முப்பத்தொன்று என்று நர்ஸ் கூப்பிட்டதும் கோகிலவாணி இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். கையிலிருந்த சீட்டில் முப்பத்தெட்டு. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் அரைமணிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் தங்கை ரஞ்சிதத்திடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உள்ளே போனால் அந்த டாக்டர் பெண், ஷெரின், முப்பது வயதுகூட இருக்காது, சிரித்த முகமாய்ப் படம் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அப்போது ரஞ்சிதம் படத்தைப் பார்க்க மாட்டாள், திரும்பி அக்கா முகத்தைத்தான் பார்ப்பாள். மேசைக்கு அந்தப் பக்கம் படித்த பெண் ஒருத்தி பேனாவோடு உட்கார்ந்திருக்க, அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள முடியாது. இங்கேயே, இந்த இரும்பு நாற்காலியிலேயே சொல்லிவிடலாம். முப்பத்திரண்டு வரட்டும். முப்பத்திரண்டும் வந்தது, ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான், கோகிலவாணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடினாள். பக்கத்தில் ரஞ்சிதம் மடியில் ஒயர்கூடையை வைத்து, அதற்கு மேலே கைக்குட்டையில் சுற்றிய பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, அது சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ரத்தம் மட்டும் போதாது, மூத்திரமும் வேண்டும், வயசானவர்களுக்கு ரத்தத்தைவிட அதில்தான் சரியாகத் தெரியும் என்று காலையில் நர்ஸ் கொடுத்து, ரஞ்சிதம் நிரப்பி வைத்திருக்கிற டப்பா. கோயில் தீர்த்தத்தைக்கூட இவ்வளவு பவ்யமாகப் பிடிக்க மாட்டாள். "ஏக்கா, எத்தனை பாட்டில் ரத்தம் எடுப்பாக?" என்று கேட்டாள். "பாட்டில் எல்லாம் கிடையாது. ஒரு சின்னக் குழாய்." "அம்புட்டுத்தானா? அதுக்கா நான் ரெண்டு நாளா பீட்ரூட்டும் பேரீச்சம்பழமுமாத் தின்னேன்? இந்த டப்பாவே செக்கச்செவேல்னு கிடக்கு, பாத்துட்டுப் பயந்துறப் போறாக." "வாயை மூடுடி. பொது இடம்." யார் அவளைப் பீட்ரூட் தின்னச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. போனில் இவள் சொன்னது இவ்வளவுதான்: நிரஞ்சனாவுக்கு உன் ரத்தம் வேணுமாம், வியாழக்கிழமை வந்துரு. பெற்றவள் இருக்கும்போது சித்தி ரத்தம் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா மனுஷி? கேட்கவில்லை. பிள்ளைக்கு ரத்தம் ஏற்றப் போகிறார்கள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, உடம்பில் ரத்தம் ஊற வைத்துக்கொண்டு, கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

நிரஞ்சனா தாழ்வாரத்துக் கடைசி அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கும் பரிசோதனையில் இருந்தாள். இருபத்தொரு வயது. போன வருஷம் முழுக்க, மாடி ஏறினால் கால் நடுங்குகிறது என்று சொன்னவள். தலைவலி, வாந்தி, காலேஜ் போகலை என்று படுத்தவள். அவளைக் கோகிலவாணி என்னவெல்லாம் சொன்னாள்? உங்கப்பா வீட்டுச் சோம்பேறித்தனம் என்றாள். உன்னைவிடச் சின்ன வயசில் நான் எட்டு மணிக்குள் பத்துப் பேருக்குச் சமைத்திருக்கிறேன் என்றாள், அது பொய், எட்டு மணிக்கு அவள் கான்வென்ட் பிரேயரில் நின்றிருப்பாள். துடைப்பத்தை எடுத்துக் கட்டிலில் வீசினாள் ஒருநாள். அந்தத் துடைப்பம் மெத்தையில் ஓசையில்லாமல் விழுந்தது, பெண் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை என்று அப்போது தெரியவில்லை. பிறகு சித்திரையில் ஒரு காலை, எதிரே நின்ற அம்மாவின் பாதிமுகம் தெரியவில்லை என்றாள். பாதி முகம் தெரியலைன்னா மீதி முகத்தைப் பார்த்துப் பேசு என்று அதற்கும் ஒரு பதில் இவள் நாக்கில் தயாராக இருந்தது. சீ. அந்த நாக்கு. முப்பத்திமூன்று என்றார்கள். யாரும் எழவில்லை, மறுபடி கூப்பிட்டார்கள், கைத்தடியோடு ஒருவர் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார்.

மைட்டோகாண்ட்ரியா என்று டாக்டர் ஷெரின் போன மாதம் சொன்னபோது கோகிலவாணிக்கு முதலில் வந்தது, சொல்ல வெட்கம், பெருமைதான். எனக்குத் தெரியும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பில் ஐந்து மார்க் கேள்வி. செருப்பு அடிப்பாகம் மாதிரி ஒரு படம், உள்ளே மடிப்பு மடிப்பாய், ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பேர் எழுத வேண்டும், பவர் ஹவுஸ் ஆஃப் த செல் என்று சிஸ்டர் எவாஞ்சலின் வாயைக் குவித்துச் சொல்வதை வகுப்பே குவித்துச் சொல்லும். ஐந்துக்கு ஐந்து. ஆனால் அந்தச் செருப்புக்குள் தனியாக ஒரு துண்டு ஜீன் இருக்கிறது, அதில் ஓர் எழுத்து மாறிப்போனாலும் உடம்பு கரண்ட் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும், தசைக்கும் மூளைக்கும் காதுக்கும்தான் முதல் அடி என்று சிஸ்டர் சொல்லவில்லை. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் என்றும் சொல்லவில்லை. அப்பா பக்கத்து மைட்டோகாண்ட்ரியாவும் விந்தணுவின் வாலோடு ஒட்டிக்கொண்டு முட்டை வரைக்கும் வரத்தான் செய்கிறதாம், வந்ததை முட்டையே தேடிப் பிடித்து அழித்துவிடுகிறதாம், எப்படி அழிக்கிறது என்று இப்போதுதான் ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் உற்சாகமாய்ச் சொன்னாள். எல்லாமே கெட்டுப்போவதில்லை, ஒவ்வொரு செல்லிலும் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும், கெட்டது ஓர் அளவைத் தாண்டினால்தான் வியாதி என்று அவள் வட்டம் வட்டமாய் வரைந்துகொண்டே போனதில் இவளுக்குப் பொறுமை போய்விட்டது. "அதாவது மூட்டையிலே வெள்ளை உளுந்தும் கறுப்பு உளுந்தும் கலந்து கிடக்கு, பிள்ளைக்கு ஒரு பிடி அள்ளிக் குடுக்கிறோம், ஒரு பிடியிலே கறுப்பு கம்மியா வரும், ஒரு பிடியிலே ஜாஸ்தியா வரும். அதுதானே?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதைவிட நல்லா நானே சொன்னதில்லைம்மா" என்றாள். அடுத்தாற்போல், "உங்க அம்மாவுக்கு?" சர்க்கரை. காது கேட்காது. கேட்காத மாதிரி நடிக்கிறாள் என்று வீடே சொல்லும், ஐம்பத்துநாலு வயசில் உடம்பு ஓய்ந்துவருது, ஓய்ந்துவருது என்று சொல்லிச் சொல்லிப் போய்ச் சேர்ந்தாள். "உங்களுக்கு?" சர்க்கரை. "கூடப் பிறந்தவங்க?" ஒரு தங்கை. "அவங்க பிள்ளைகளுக்கு ஏதாவது?" அந்த இடத்தில்தான் கோகிலவாணிக்கு அந்த அறையின் ஏசி குளிர்வது உறைத்தது. ஏனென்றால் ரஞ்சிதத்தின் மகள் சிந்துஜாவுக்கு மூன்று வயசில் வலிப்பு, ஏழு வயசில் ஒரு கால் இழுத்துக்கொண்டது, இப்போது இருபதாகிறது, ஒரு காதில் மெஷின். அதற்கு என்ன காரணம் என்று பதினேழு வருஷமாகக் குடும்பத்துக்கே தெரியும். கண்டுபிடித்துச் சொன்னவள் கோகிலவாணி.

குலசாமி கோயிலில் சிந்துஜாவுக்குக் காதுகுத்து. முன்னூறு பேர் பந்தி. மொட்டை போட்டு, சந்தனம் தடவி, ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை விறைத்து, கண் செருகி, வாயில் நுரை. ஆளுக்கொன்று சொன்னார்கள். கிடா வெட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுச் சேவலோடு நிறுத்தியதால் சாமி கோபம். எவளோ கண் வைத்துவிட்டாள். விபூதி, வேப்பிலை, சாவிக்கொத்து. அந்தக் கும்பலுக்கு நடுவில் கோகிலவாணி போய் நின்றாள், கான்வென்ட்டில் படித்தவள், நாலு பேருக்குப் புத்தி சொல்லாமல் இருக்க முடியாதவள். "சாமியும் இல்லை, கண்ணும் இல்லை. சொந்த மாமனைக் கட்டினா பிள்ளை இப்படித்தான் பிறக்கும். ரத்தத்துக்குள்ளே ரத்தம் சேரக் கூடாது. பத்தாம் கிளாஸ்லயே எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க." அதோடு விட்டாளா? அழைப்புப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பட்டாணிச்செடிக்குப் போடும் அதே கட்டம், பெரிய எழுத்து சின்ன எழுத்து போட்டு, பெரியப்பா சித்தப்பா எல்லோருக்கும் விளக்கினாள். அதோடு விட்டாளா? ஓடிக்கொண்டிருந்த நிரஞ்சனாவைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "இதோ என் பிள்ளையைப் பாருங்க. வெளியில கட்டினேன், குத்துக்கல்லு மாதிரி இருக்கா" என்றாள். மாமா, அதாவது ரஞ்சிதத்தின் புருஷன் சௌந்தரபாண்டி, இவர்கள் அம்மாவின் கடைசித் தம்பி, பிள்ளையைத் தோளில் சாய்த்து வைத்திருந்தவர், அதைக் கேட்டுவிட்டு, பிள்ளையை மெதுவாக ரஞ்சிதத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றார். அந்த ஒரு எட்டைக் கோகிலவாணி அன்றைக்கே பார்த்தாள். பார்த்ததை அன்றைக்கே மறந்தாள், இந்த மாதம் முழுக்க ரசம் தாளிக்கும்போதும் கொடியில் துணி போடும்போதும் அந்தக் கால் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. சிஸ்டர் சொன்னதும் தப்பில்லையே, சொந்தத்தில் கட்டினால் வருகிற வியாதிகள் இருக்கத்தானே செய்கின்றன, டாக்டரும் ஒப்புக்கொண்டாளே. ஆனால் இது அது இல்லை. அம்மா மூட்டையிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி. ரஞ்சிதம் வெளியில் கட்டியிருந்தாலும் அதே பிடிதான். மாமாவும் அதே பாட்டி வயிறுதான், அவர் உடம்பிலும் கறுப்பு உளுந்து கிடக்கலாம், ஆனால் அவரிடம் வந்தது அவரோடு நின்றது. அந்த வீட்டில் குழந்தைக்கு அதைக் கொடுக்கவே முடியாத ஒரே ஆள் அவர். முப்பத்திநாலு. முப்பத்தைந்து. இரண்டு பேர் ஒன்றாய்ப் போனார்கள், அண்ணன் தம்பி போல.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று இருந்தாள். மாமாவை முதலில் கேட்டது இவளுக்கு. பதினெட்டு வயசில், பரீட்சை முடிந்த மறுவாரம், அம்மா தட்டோடு தயாராக இருந்தாள். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, சொந்த இடம், தங்கமான மனுஷன் என்றார்கள். முடியவே முடியாது, உயிரியலில் படித்திருக்கிறேன், பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று புத்தகத்தைத் திறந்து காட்டினாள். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், படத்தைப் பார்த்துவிட்டு மிரண்டுபோய் விட்டுவிட்டாள். பிறகு ரஞ்சிதம் வளர்ந்ததும் தட்டு அவளுக்குப் போனது, அவள் புத்தகம் எதையும் திறக்கவில்லை. ஆனால் கோகிலவாணிக்கு அன்றைக்கு உண்மையில் பிள்ளையைப் பற்றி என்ன கவலை? மாமா வந்தால் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை வரும், நகக்கண்ணில் கறுப்பு இருக்கும், பக்கத்து வீட்டு பிலோமினா பார்த்தால் சிரிப்பாள். அவ்வளவுதான். அதற்கு ஒரு விஞ்ஞானம் தேவைப்பட்டது, விஞ்ஞானம் கையிலேயே இருந்தது. ஒரு வேளை காதுகுத்தன்று அத்தனை சத்தமாய்ச் சொன்னதுகூட, நான் வேண்டாமென்றது வார்னிஷ் வாடைக்காக இல்லை, பாருங்கள், நான் சொன்னது சரியாய்ப் போயிற்று பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டத்தானோ. தங்கை பிள்ளை நுரை தள்ளும்போது. கர்த்தரே, என்று கான்வென்ட் பழக்கத்தில் உள்ளே ஒரு வார்த்தை வந்தது, முருகா என்று அதன் மேல் இன்னொன்று. அப்புறம் அந்த இரண்டாவது. சிந்துஜாவுக்கு நாலு வயசில் ரஞ்சிதம் உண்டானாள். "இன்னொண்ணையும் பாழாக்கப் போறியா?" என்று போனில் கேட்டவள் இவள், கூட்டிக்கொண்டு போய்க் கலைத்து, அதோடு ஆபரேஷனும் பண்ண வைத்து, வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தவள் இவள். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு வழக்கம்போல் ஒரு வக்கீலைக் கூப்பிட்டது: அந்தப் பிள்ளைக்கும் வந்திருக்கலாம்தானே, ஒரே மூட்டைதானே, அப்படிப் பார்த்தால் நீ சொன்னது நல்லதற்குத்தானே. வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். நிறைய வெள்ளையும் ரெண்டே கறுப்புமாய் ஒரு பிடி விழுந்து, இப்போது பதினாறு வயசில் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறிக்கொண்டிருக்கலாம். வக்கீல் வாயை மூடமாட்டான், ஒரு மாசமாக அதே வாதம். டாக்டர் ஷெரின் இன்னொன்றும் சொன்னாள்: சக்தியில்லாமல் சாகக் கிடக்கிற செல்லுக்குப் பக்கத்துச் செல் மெல்லிய குழாய் ஒன்றை நீட்டித் தன் மைட்டோகாண்ட்ரியாவைக் கொடுக்கிறது, ஆய்வகத்தில் படம் பிடித்திருக்கிறார்கள், மருந்தாக்க முடியுமா என்று பார்க்கிறார்கள் என்று. கண்ணுக்குத் தெரியாத அத்துனூண்டு சாமான், அதற்குக்கூடக் கொடுக்கத் தோன்றுகிறது. கட்டம் போட்டு விளக்கத் தோன்றவில்லை.

"ஏக்கா," என்றாள் ரஞ்சிதம், முப்பத்தாறைக் கூப்பிட்ட பிறகு, டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கிட மாட்டியே." "கேளு." "நீ வெளியிலதான கட்டுன. பிறகு நிரஞ்சனாவுக்கு எப்படி வந்துச்சு?" குத்தலே இல்லை. அதுதான் கொடுமை. குத்தலாய்க் கேட்டிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ரெண்டு நாளாய்ப் பீட்ரூட் நறுக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறாள், அக்காதான் சரியாய்ச் செய்தாளே, அவளுக்கு ஏன் என்று நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறாள். கோகிலவாணி சொன்னாள். முப்பது நாளாய் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை, வந்தது மூன்றே வரிதான்: அம்மாவிடமிருந்து வந்தது. சிந்துஜாவுக்கும் நிரஞ்சனாவுக்கும் ஒரே வியாதியாகத்தான் இருக்கும், அதைப் பார்க்கத்தான் உன் ரத்தம். மாமாவைக் கட்டினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லி முடித்துத் தரையைப் பார்த்தாள், தரையில் யாரோ சிந்திய டீயைச் சுற்றி எறும்பு. ரஞ்சிதம் அக்கா முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மாமா மூலமா வர வழியே இல்லையா?" என்றாள். "இல்லை. ஆம்பளை மூலமா வராது." "துளிகூட?" "துளிகூட." ரஞ்சிதம் டப்பாவைக் கூடைக்குள் வைத்தாள், கைக்குட்டையை உதறி மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "நான் ஆபரேசன் பண்ணிட்டு வந்ததுலருந்து அவுக பட்டறையிலதான் படுக்காக," என்றாள். "ராத்திரி வேலை அதிகம்னு சொல்லுவியே." "பிறகு என்னத்தச் சொல்ல? சிந்துஜாவக் காதுகுத்தன்னைக்கு என் கையில குடுத்தவுகதான், பதினேழு வருசம். விழுந்து கிடந்தாக்கூட என்னைத்தான் கூப்பிடுவாக, தொட மாட்டாக. தன் ரத்தம் வெசம்னு நெனப்பு." கோகிலவாணியின் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது. "ஆனா ரஞ்சி, அந்த ரெண்டாவது, அதுக்கும் வந்திருக்…" "அதப் பேசாத." சத்தம் உயரவில்லை. "அத நான் பாத்துக்கிடுதேன். நீ பேசாத."

முப்பத்தேழு. ரஞ்சிதம் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து, மாமாவின் எண்ணை அழுத்தி, அடிக்கிற சத்தம் கேட்டதும் நீட்டினாள். "சொல்லு." "நான் ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றேன்டி. இதெல்லாம் போன்ல…" "அன்னைக்கு முன்னூறு பேருக்கு முன்னால சொன்ன. இங்க முப்பது பேருதான் இருக்காக." கோகிலவாணி போனை வாங்கிக் காதில் வைத்தாள், அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் கர்ரென்று ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே, "சொல்லும்மா, ஆச்சா? பிள்ளைக்கு ரத்தம் ஏத்திட்டாகளா?" என்றார் மாமா. "மாமா, நான் கோகிலா." "யாரு?" "கத்திச் சொல்லு," என்றாள் ரஞ்சிதம், "ரெண்டு வருசமாக் காது ரொம்ப மந்தம்." கோகிலவாணி எழுந்து நின்றாள், உட்கார்ந்துகொண்டு அவ்வளவு சத்தம் வராது. "கோகிலா, மாமா. சிந்துஜாவுக்கு வந்தது உங்களால இல்லை. எங்கம்மா வழியா வந்தது. அன்னைக்கு நான் சொன்னது தப்பு." வரிசையில் எல்லாத் தலையும் திரும்பியது. மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய கைத்தடிக்காரர் தடியை ஊன்றியபடியே நின்றுவிட்டார். "என்னது? எது தப்பு?" "நான் சொன்னது. தப்பு. உங்க மேல ஒண்ணும் இல்லை." "கேக்கல தாயி, இரைச்சலா இருக்கு." முப்பத்தெட்டு என்றாள் நர்ஸ், முப்பத்தெட்டு யாரும்மா என்றாள், ரஞ்சிதம் அவளைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள், அந்தக் கை கீழே இறங்குகிற மாதிரி இல்லை. கோகிலவாணி ஒரு தடவை சொன்னால் முடிந்துவிடும் என்று ஒரு மாசமாய் நினைத்திருந்தாள், இரண்டு தடவை சொல்லியாயிற்று, சொன்னது எங்கேயும் போய்ச் சேரவில்லை. போனுக்குள் செருப்புக்கால் நடந்தது, ஏதோ சுவிட்சு டக்கென்றது, மோட்டார் நீளமாய் முனகி நின்றது. பட்டறையில் வேறு ஒரு சத்தமும் இல்லை, மாமா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"இப்பச் சொல்லு தாயி," என்றார். "மொதல்ல இருந்து சொல்லு."